ஃபியோ கேஸில் பிபி: ஏறும்போதே இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

நாளைய ஆபரேஷன் லிஸ்டில் ஃபியோ (ஃபியோகுரோமோசைட்டோமா என்கிற அட்ரினல் கட்டி) இருக்கிறது என்று சாயங்காலம் யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆல்ஃபா பிளாக்கர் (ரத்தக்குழாய் சுருங்குவதைத் தடுக்கும் மருந்து) ஆரம்பித்து எத்தனை நாள் ஆகிறது? "மூணு நாள் சார், பிபி நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால் கேஸ் தள்ளிப்போகும். சர்ஜன் முகம் சுளிப்பார், வீட்டார் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார்கள், இருக்கட்டும். தியேட்டரில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு நாம் காட்டும் வித்தைகளைவிட, வார்டில் கழியும் அந்த இரண்டு வாரம்தான் நோயாளியை அதிகம் காப்பாற்றுகிறது.

இது அனஸ்தீசியா பி.ஜி.க்களுக்கும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஃபியோ மட்டும் பார்க்கிற மருத்துவர்களுக்கும் எழுதுவது. நோயாளிகளோ வீட்டாரோ படித்தால், விஷயம் தெரிந்துகொள்ளப் படியுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்பது அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியில் வரும் கட்டி. நார்அட்ரினலினையும் அட்ரினலினையும் தன் இஷ்டத்துக்கு ரத்தத்தில் கொட்டும். ரத்தக்குழாய்கள் மாதக்கணக்கில் சுருங்கியே இருப்பதால் உள்ளே ஓடும் ரத்தத்தின் அளவும் குறைந்துபோயிருக்கும். 1926இல் லோசானில் செசார் ரூவும், அதே ஆண்டு அமெரிக்காவின் ராசெஸ்டரில் சார்லஸ் மேயோவும் இதை வெட்டி எடுத்தார்கள், இருவருடைய நோயாளிகளும் பிழைத்தார்கள். ஆல்ஃபா பிளாக்கரும் கிடையாது, தமனிக்குள் குழாய் வைத்து நொடிக்கு நொடி பிபி காட்டும் ஆர்டெரியல் லைனும் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை வியர்க்கும்.

இந்த ஆபரேஷனில் பிபி இரண்டு முறை ஆட்டம் காட்டும். கட்டியைத் தொடும்போது மேலே, கட்டியின் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரையை (வெயின்) கட்டியதும் கீழே. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மேலே ஏறுவதுதான் பயமாக இருக்கும். 240 என்று மானிட்டர் கத்தும்போது கையில் கிடைத்ததைப் போட்டு இறக்கத் தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது. என் விதி இதுதான்: வெயின் கட்டும்வரை, கால் மணி நேரத்தில் வேகம் தணியாத பிபி மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஏற்றத்துக்குக் கொடுத்தது இறக்கத்திலும் உடம்பில் இருந்தால் அதோடும் சேர்த்துத்தான் நீங்கள் போராட வேண்டியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என்னுடைய இரண்டாவது ஃபியோவில், கட்டியைச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தபோது இதயத் துடிப்பு 130ஐத் தாண்டியது. துடிப்பைக் குறைத்துச் சீக்கிரம் தணியும் பீட்டா பிளாக்கரான எஸ்மோலால் ஸ்டோரில் இருக்கிறது, எடுத்துவர ஆள் போயிருக்கிறார். டிரேயில் நீண்ட நேரம் நிற்கும் மெட்டோப்ரோலால் இருந்தது. கொடுத்துவிட்டேன். துடிப்பு அழகாக 80க்கு வந்தது, நானும் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பத்து நிமிடத்தில் வெயினில் கிளிப் போட்டார்கள். பிபி 60, துடிப்பு 58. பிபியை ஏற்ற நார்அட்ரினலினைக் கூட்டக் கூட்ட ரத்தக்குழாய் ஏதோ கொஞ்சம் கேட்டது, இதயம் கேட்கவே இல்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று ஒரு நிலைக்கு வர. நோயாளி நல்லபடியாக வீட்டுக்குப் போனார், ஆனால் அந்த நாற்பது நிமிடம் எனக்குப் போதும்.

வார்டில் செய்ய வேண்டியது

ஆல்ஃபா பிளாக்கர் 7 முதல் 14 நாள். ஃபீனாக்ஸிபென்சமின் கிடைத்தால் 10 மி.கி. தினம் இரண்டு வேளை என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வரை. கிடைக்கவில்லையா, பிராசோசின் அல்லது டாக்ஸாசோசின். பிராசோசினின் முதல் டோஸை 1 மி.கி. அளவில் ராத்திரி படுக்கப் போகும்போது கொடுங்கள், ஏனென்றால் முதல் மாத்திரை போட்டு எழுந்து பாத்ரூம் போனவர் அங்கேயே விழுவது உண்டு. எது சிறந்தது என்று சண்டை போட வேண்டாம். நெதர்லாந்தில் 134 பேரை வைத்து ஃபீனாக்ஸிபென்சமினையும் டாக்ஸாசோசினையும் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள்; ஆபரேஷனில் பிபி எல்லைக்கு வெளியே இருந்த நேரம் இரண்டு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 11.1 சதவீதமும் 12.2 சதவீதமும். ஃபீனாக்ஸிபென்சமின் குழுவில் மொத்தத் தள்ளாட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆனால் அது ரிசெப்டரோடு (ஹார்மோனும் மருந்தும் போய் உட்காரும் இடம்) ஒட்டிக்கொண்டால் விடாது. என் விதிக்கு அதுவே பெரிய விதிவிலக்கு. அதன் விலையை வெயின் கட்டியதும் கொடுப்போம், பின்னால் சொல்கிறேன்.

பீட்டா பிளாக்கரை முதலில் தொடங்காதீர்கள். இதை எல்லோரும் பரீட்சையில் எழுதுவார்கள், ஆனால் படபடப்பு என்று நோயாளி சொன்னதும் யாராவது வெளியிலேயே ப்ரோப்ரனலால் எழுதிக் கொடுத்திருப்பார், சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தசைகளின் ரத்தக்குழாயை விரித்து வைத்திருப்பது பீட்டா ரிசெப்டர்தான். அதை அடைத்துவிட்டால் ஆல்ஃபாவின் சுருக்கம் மட்டும் தனியாட்சி நடத்தும், பிபி எகிறும், வேகம் குறைந்த இதயம் அந்தச் சுமையை எதிர்த்துத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். ஆல்ஃபா போட்டு மூன்று நான்கு நாளாவது கழிந்த பிறகு, துடிப்பு அதிகமாக இருந்தால் மட்டும், சின்ன டோஸில். லேபெட்டலால் இரண்டையும் அடைக்கிறதே என்று கேட்பார்கள். ஊசியாகப் போடும்போது அதில் ஆல்ஃபா ஒரு பங்கு என்றால் பீட்டா ஏழு பங்கு. முதல் மருந்தாக அது வேண்டாம்.

அடுத்தது உப்பு. இத்தனை வருஷமாக "பிபிக்கு உப்பைக் குறைங்க" என்று சொல்லப்பட்டவரிடம் இப்போது உப்பு போட்ட மோரும் ஊறுகாயும் நிறையத் தண்ணீரும் சாப்பிடச் சொல்ல வேண்டும். ஆல்ஃபா பிளாக்கர் தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து. "என்ன டாக்டர், மாத்திச் சொல்றீங்க?" என்று வீட்டம்மா கேட்பார், உட்கார்ந்து விளக்குங்கள், இல்லாவிட்டால் வீட்டுச் சாப்பாடு உப்பில்லாமலேயேதான் வரும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவருக்கு இந்த யோசனை பொருந்தாது. விரிந்த குழாயில் ரத்தம் நிரம்புகிறதா என்று பார்க்க ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) நல்ல குறி: தொடக்கத்தில் 48 இருந்தது 41க்கு வந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

போதுமான அளவு பிளாக் ஆகிவிட்டதா? ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரம் பிபி 160/90ஐத் தாண்டக் கூடாது, எழுந்து நின்றால் இறங்க வேண்டும், ஆனால் 80/45க்குக் கீழே போகக் கூடாது, ஈசிஜியில் ஒரு வாரமாக எஸ்டி மாற்றம் (இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் குறி) இருக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்கு மேல் எக்டோபிக் (இடையில் வரும் தப்புத் துடிப்பு) வரக் கூடாது. 1980களில் அமெரிக்க மயக்க மருத்துவர் ரோய்சன் வகுத்த கணக்கு இது. இப்போது உட்கார்ந்த நிலையில் 130/80க்குக் கீழே, நின்றால் மேல் எண் 90க்கு மேலே என்று இன்னும் இறுக்கமாகச் சொல்கிறார்கள். நின்ற பிபியைச் சும்மா எழுதிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து எடுத்து, எழுப்பி நிறுத்தி முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் நீங்களே எடுங்கள்.

இன்னொரு குறி மூக்கடைப்பு. ஆல்ஃபா நன்றாக அடைபட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும், அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம். ஆனால் ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் முன்பே சொல்லி வையுங்கள். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து ஒரு சளி மாத்திரை எழுதிவிடுவார், அதில் பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபெனைல்எஃப்ரின் இருக்கும். கேஸ் ஷீட்டின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுவது என் வழக்கம்: சளி மருந்து கூடாது, மெட்டோகுளோப்ரமைடு கூடாது. வாந்திக்கு எல்லா வார்டிலும் சர்வசாதாரணமாகப் போடும் அந்த ஊசி கட்டியைத் தூண்டிவிடும்.

எக்கோ கட்டாயம். பல மாதம் அட்ரினலினில் ஊறிய இதயம் வீங்கித் தளர்ந்திருக்கலாம். அட்ரினலினும் நார்அட்ரினலினும் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின்களின் ரிப்போர்ட்டையும் நீங்களே பாருங்கள், நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அது என்று விட்டுவிடாதீர்கள். நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் எகிறியிருந்தால் கட்டி நார்அட்ரினலின் கொட்டும் வகை, பிபி ஏறும்போது துடிப்பு குறையக்கூடச் செய்யும். மெட்டாநெஃப்ரினும் கூடியிருந்தால் அட்ரினலினும் வருகிறது, துடிப்பும் தாளப் பிறழ்வும் தொந்தரவு செய்யும், எஸ்மோலாலைத் தேடி ஆளை அனுப்பும் நிலை வரக் கூடாது. (நான்தான் அனுபவித்தேனே.)

பம்ப், லைன், லேபிள்

தூங்கவைக்கும் முன்பே, மரத்துப்போக ஊசி போட்டு ஆர்டெரியல் லைன். கையில் கட்டும் கஃப் பிபி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வதற்குள் 120 என்பது 230 ஆகி மறுபடி 140 ஆகியிருக்கும். பக்கவாட்டில் படுக்கவைத்த பிறகு டிரான்ஸ்டியூசரை (லைனின் அழுத்தத்தை அளக்கும் கருவி) மறுபடி இதய மட்டத்தில் வைத்து ஸீரோ செய்யுங்கள். டேபிளைச் சாய்க்கும்போதெல்லாம் அது இடம் மாறும். சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் போகும் குழாய்) தூங்கிய பிறகு போட்டால் போதும்.

மருந்துகளை எல்லாம் முன்பே கரைத்து பம்பில் ஏற்றி வையுங்கள். பிபியை உடனே இறக்கும் நைட்ரோபுருசைடு 50 மி.கி. வயலை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 50 மி.லி.யாக்கினால் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 மைக்ரோகிராம் என்பது மணிக்கு 1.8 மி.லி. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும், சிரிஞ்சையும் டியூபையும் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். 2 மைக்ரோகிராமுக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டினால் சயனைடு சேரும் என்பதும் நினைவிருக்கட்டும். கைவசம் இல்லாவிட்டால் நைட்ரோகிளிசரின், வேலை நடக்கும், கொஞ்சம் மெத்தனமாக. நார்அட்ரினலின் 4 மி.கி.யை 50 மி.லி.யாக்கினால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். அதே ஆளுக்கு 0.05 மைக்ரோகிராம் என்பது மணிக்கு சுமார் 2.3 மி.லி. பக்கத்திலேயே எஸ்மோலால், பிபியை ஏற்றும் வாசோபிரசின், தாளப் பிறழ்வுக்கு லிக்னோகெயின். ஃபென்டோலமின் (சீக்கிரம் தணியும் ஆல்ஃபா பிளாக்கர்) கிடைத்தால் 1 முதல் 5 மி.கி. வரை போலஸாகத் தரலாம், கிடைக்காத இடங்களில் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

இப்போது ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மணிக்கு 2 மி.லி. ஓடும் நார்அட்ரினலின், நீளமான எக்ஸ்டென்ஷன் டியூபில் 1 மி.லி. இடத்தைத் தாண்டி வர அரை மணி நேரம் எடுக்கும். பிபி விழுந்த பிறகு பம்பை ஆன் செய்துவிட்டு "மருந்து வேலை செய்யலையே" என்று கூட்டிக்கொண்டே போவோம், பிறகு எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். டியூபை முன்பே மருந்தால் நிரப்பி, நோயாளிக்கு மிக அருகில் இருக்கும் வாயில் இணைத்து, பின்னால் ஒரு கேரியர் சலைன் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். இறக்கும் மருந்துகள் ஒரு ஸ்டாண்டில், ஏற்றும் மருந்துகள் எதிர் ஸ்டாண்டில். அந்த லைனில் வேறு யாரும் ஆன்டிபயாடிக் தள்ளக் கூடாது. தள்ளினால் டியூபில் நிற்கும் நைட்ரோபுருசைடு முழுவதும் ஒரே நொடியில் உள்ளே போகும்.

தூங்கவைப்பதிலிருந்து கட்டி வரை

பயமே பிபியை ஏற்றும், கொஞ்சம் மிடாசோலம் கொடுங்கள். ஃபென்டனில் தாராளமாக, புரோபோஃபால் மெதுவாக, வெக்குரோனியம் அல்லது ரோக்குரோனியம். முழுதாகத் தளர்ந்த பிறகே லாரிஞ்சோஸ்கோப்பை எடுங்கள். கீட்டமின், எஃபெட்ரின், பான்குரோனியம் வேண்டாம். ஸ்கோலின் (சக்சினைல்கோலின்) தரும் தசைத் துடிப்பில் வயிற்றுத் தசை கட்டியை நசுக்கும் என்பார்கள், நான் தவிர்க்கிறேன். மார்ஃபினும் அட்ராகூரியமும் ஹிஸ்டமினைக் கிளப்பும். மயக்க வாயுவில் செவோஃப்ளூரேனோ ஐசோஃப்ளூரேனோ இருந்தால் டெஸ்ஃப்ளூரேன் எதற்கு?

எபிடியூரல் (முதுகில் மரப்பு மருந்து ஏற்றும் குழாய்) போட்டால் வெட்டும் வலிக்கு உதவும், அவ்வளவுதான். கட்டி நேராக ரத்தத்தில் கொட்டுவதை அது தடுக்காது. ஆனால் வெயின் கட்டியபின் வரும் வீழ்ச்சியை இன்னும் ஆழமாக்கும், அதனால் அதுவரை மரப்பு மருந்தை நிறைய ஏற்றாதீர்கள்.

எனக்குப் பிடித்த மருந்து மெக்னீசியம். கேப்டவுனில் மைக்கேல் ஜேம்ஸ் பல ஆண்டுகள் இதை எழுதி எழுதியே எல்லோரையும் நம்பவைத்தார். அட்ரினலின் வெளிவருவதையும் குறைக்கும், குழாயையும் விரிக்கும், தாளத்தையும் காக்கும். விலையும் மலிவு, எந்தப் பிரசவ வார்டிலும் கிடைக்கும். கிலோவுக்கு 40 மி.கி., அதாவது 60 கிலோவுக்கு 2.4 கிராம், 50 சதவீத ஆம்பூல் என்றால் ஏறத்தாழ 5 மி.லி. சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு, மணிக்கு 1 முதல் 2 கிராம் வரை ஓட்டலாம். இதுவும் உடனே போகாத மருந்துதான், என் விதிக்கு இரண்டாவது விலக்கு. ஆனால் கால்சியம் குளுக்கோனேட் என்கிற முறிவு மருந்து கையில் இருக்கிறது. தசை தளர்த்தும் மருந்தின் வேலையை நீட்டிக்கும், எனவே நரம்பு ஸ்டிமுலேட்டர் (தசைத் தளர்ச்சியை அளக்கும் கருவி) இல்லாமல் மூச்சுக்குழாய் டியூபை எடுக்காதீர்கள்.

லாப்ராஸ்கோபி என்றால் வயிற்றில் காற்றை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள், அழுத்தம் 10 முதல் 12 போதும். கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் கட்டி விழித்துக்கொள்ளும்.

கட்டியைத் தொடும்போது சர்ஜன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "தொடறேன்", "விட்டுட்டேன்", "வெயின் தெரியுது". ஆபரேஷனுக்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிபி 200ஐத் தாண்டினால் முதல் மருந்து, "சார், ஒரு நிமிஷம் கையை எடுங்க". இதற்கு நிகரான நைட்ரோபுருசைடு கிடையாது. பல முறை ஒரு நிமிடத்தில் 160க்கு வந்துவிடும். அதற்குள் மயக்கத்தைக் கொஞ்சம் ஆழமாக்கி, பம்பைக் கூட்டி, துடிப்பும் 120ஐத் தாண்டியிருந்தால் எஸ்மோலால் கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுங்கள். அதன் அரை ஆயுள் சுமார் 9 நிமிடம். ஹைட்ரலசினை நினைக்கவே வேண்டாம், தாமதமாகத் தொடங்கி மணிக்கணக்கில் நிற்கும். நொடிநேரம் 180 வந்து தானாக இறங்குவதையெல்லாம் துரத்தாதீர்கள். இலக்கு 160க்குக் கீழே, சராசரி பிபி 65க்கு மேலே.

வெயினுக்கு முந்தைய பத்து நிமிடம்

கேஸின் உயிர்நாடி இந்தப் பத்து நிமிடம்தான். சர்ஜன் வெயினைச் சுற்றிப் பிரிக்கத் தொடங்கியதும் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட்டை 500 மி.லி. முதல் 1 லிட்டர் வரை ஓடவிடுங்கள். நைட்ரோபுருசைடைப் படிப்படியாகக் குறைத்து, கிளிப் போடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். அப்போது பிபி 150, 160 என்று நின்றால் நிற்கட்டும், அதை 110க்கு இறக்கி வைப்பது அழகாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் வருத்தப்படுவீர்கள். மெக்னீசியத்தையும் நிறுத்துங்கள், மயக்கத்தை லேசாக்குங்கள், நார்அட்ரினலின் டியூப் நிரம்பியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "கிளிப் போடறேன்" என்றதும் நேரத்தை எழுதுங்கள்.

பிபி விழுவதற்கு ஒரே காரணம் கிடையாது. ஊற்றெடுத்த அட்ரினலின் நின்றுவிட்டது, பல மாதம் அதில் மூழ்கிய ரிசெப்டர்கள் மரத்துக் கிடக்கின்றன, மறுபக்கச் சுரப்பி சோம்பியிருக்கிறது, குழாயில் ரத்தம் குறைவு, ஃபீனாக்ஸிபென்சமின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் திரவம், கூடவே நார்அட்ரினலின் 0.05இலிருந்து. 0.3, 0.4 போன பிறகும் பிபி அசையவில்லை என்றால் அதையே கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் ஃபீனாக்ஸிபென்சமின் உட்கார்ந்திருக்கிறது. வாசோபிரசின் வேறு கதவு வழியாகப் போகும், நிமிடத்துக்கு 0.01 முதல் 0.04 யூனிட். இரண்டு பக்கமும் அட்ரினலை எடுத்திருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. கொடுத்தாயிற்றா என்று பாருங்கள், அது இல்லாமல் எந்தப் பம்பும் உதவாது.

அதற்கும் முன்னால் சக்ஷன் பாட்டிலை எட்டிப் பாருங்கள். வலப்பக்க அட்ரினல் வெயின் குட்டையானது, நேராக பெரிய வீனா கேவாவில் போய்ச் சேரும், கிழிந்தால் கொட்டும். இடப்பக்கத்து வெயின் சிறுநீரக வெயினில் சேர்வது, சற்று நீளம், சர்ஜனுக்கு இடம் இருக்கிறது. எல்லாரும் "கட்டி போச்சு, அதான் விழுது" என்று நினைத்திருக்கும்போது ரத்தம் பாட்டிலில் ஏறிக்கொண்டிருக்கும்.

மாறாக, கட்டி வெளியே வந்த பிறகும் பிபி இறங்கவில்லை என்றால்? வலி, நிரம்பிய மூத்திரப்பை, கூடிய கார்பன் டை ஆக்சைடு, அளவுக்கு மீறிய திரவம் என்று எளியவற்றை முதலில் பாருங்கள். அப்புறம் வேறிடத்தில் இன்னொரு கட்டி இருக்கிறதா, சிறுநீரகத் தமனியைத் தவறிக் கட்டிவிட்டார்களா என்று கேளுங்கள்.

வேறு ஏதோ ஆபரேஷனில் எதிர்பாராமல் இப்படி எகிறினால், கையை எடுக்கச் சொல்லுங்கள், ஆழமாக்குங்கள், மெக்னீசியம், நைட்ரோகிளிசரின். வெறும் பீட்டா பிளாக்கர் மட்டும் கூடாது. அவசர கேஸ் இல்லையென்றால் மூடிவிட்டு வெளியே வாருங்கள், மெட்டாநெஃப்ரினுக்கு அனுப்புங்கள்.

ஐ.சி.யு.வில் ஒரு நாள்

குறைந்தது 24 மணி நேரம் ஆர்டெரியல் லைன் இருக்கட்டும். நார்அட்ரினலினைச் சில மணி நேரத்தில் குறைத்துவிடலாம். பிபி கூடுதலாகவே சில நாள் நிற்பதும் உண்டு, நரம்பு நுனிகளில் சேர்ந்திருப்பது காலியாக நேரம் எடுக்கும்.

நான் அதிகம் பயப்படுவது ரத்தச் சர்க்கரை இறங்குவதற்கு. கட்டி இருந்தவரை இன்சுலினை அமுக்கி வைத்திருந்தது. அது போனதும் கணையம் ஒரே மூச்சில் கொட்டும். பீட்டா பிளாக்கர் போட்டவருக்கு நடுக்கமோ படபடப்போ வராது, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவோம். முதல் ஆறு மணி நேரம் மணிக்கொருமுறை விரலைக் குத்திப் பாருங்கள், பிறகு நாலு மணிக்கொருமுறை. ஐ.சி.யு.வுக்கு ஒப்படைக்கும்போது பிபியைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசும் நாம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அதனால் நான் இப்போதெல்லாம் குளுக்கோமீட்டரையே நோயாளியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, முதல் ரீடிங்கை நானே எடுத்து சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.